பத்தொன்பது ராத்தல்

எத்திராஜின் எடை முதன்முதலாக அவனைவிட்டு இறங்கிப் போனது தஸ்தகீர் சாயபுவின் ஆட்டுக்கறிக் கடையில். நாள் வியாழக்கிழமை, நேரம் சுரங்கத்தின் காலைச் சங்கு ஊதிக் கால் மணி, சாட்சி தராசு முள். தங்கச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த அந்த ஊரில் காசுக்குக் குத்துச்சண்டை போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள் என்றாலும், வெல்டர்வெயிட் என்கிற எடைப் பிரிவில் பெங்களூர் மேடைவரை போய் நின்றவன் எத்திராஜ் ஒருவனே. அந்தப் பிரிவுக்காரன் போட்டியன்று காலையில் நூற்று நாற்பத்தேழு ராத்தலுக்கு மேல் ஒரு குன்றிமணி அதிகம் இருந்தாலும் மேடையேற முடியாது. எத்திராஜோ எவ்வளவு ஓடினாலும், கம்பளியைப் போர்த்துக்கொண்டு அடுப்பின் பக்கத்தில் எவ்வளவு வியர்த்தாலும், வாயில் புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டு எவ்வளவு எச்சில் துப்பினாலும், நூற்று ஐம்பத்துமூன்றில் வந்து நின்றுவிடுவான். அதற்குக் கீழே இறங்கவோ மேலே ஏறவோ அவன் எலும்பு சம்மதிக்காது.

அன்று, தோல் மூட்டை நிறுக்கும் பெரிய தராசின் பலகையில் அவன் நின்றிருந்தான். எதிர்த்தட்டில் இரும்புக் கற்கள் அடுக்கியிருந்தன. தண்ணீர் குடித்து ஒன்றரை நாளாகியிருந்ததால் கண் இருட்டிக்கொண்டு வர, துவைத்த கால்சட்டையோடு பக்கத்தில் நின்ற மனைவி பூங்காவனத்தின் தோள்களை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான். பலகை மெல்ல மேலே எழுந்தது.

"ஆளைப் புடிச்சிக்கினு நின்னா எந்தத் தராசும் பொய்தான் சொல்லும். கையை எடு நைனா," என்றார் தஸ்தகீர் சாயபு. கறிக்கடைக்காரர் என்பதோடு எத்திராஜுக்குப் பயிற்சி கொடுப்பவரும் போட்டி பேசி முடிப்பவரும் அவர்தான்.

எத்திராஜ் கையை எடுத்தான். பலகை இறங்கவில்லை. சாயபு ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டே வந்தார். நூற்று நாற்பத்தேழில் முள் நேராக நின்றது.

"மீதி எங்கபா போச்சு?"

"எம்மேல கீது பாய்," என்றாள் பூங்காவனம். "செருப்பு அழுந்துது பாருங்க."

அவளையும் ஏற்றி நிறுத்தார்கள். தொண்ணூற்றெட்டு ராத்தல்காரி நூற்று நான்கு இருந்தாள். அவளுடைய கையோ இடுப்போ ஒரு நூல்கூடப் பெருத்திருக்கவில்லை. சாயபு தாடியைத் தடவியபடி, திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவள் புருஷனின் தோளில் கை வைத்தாள். ஆறு ராத்தலும் அவனிடம் திரும்பின. இன்னொரு முறை அவன் அவள் தோளைத் தொட்டான். மறுபடியும் அவளிடம் போயின. சாயபு கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீயும் ரயில் ஏறும்மா. வண்டிக்கு நேரமாச்சு," என்றார். அதிசயத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அன்று பெங்களூரில், எடை பார்த்து முடிந்ததும் மண்டபத்தின் பின்கதவுக்கு அப்பால் அவள் ஆறு ராத்தலையும் அவனிடம் ஒப்படைத்தாள்; பட்டினி கிடந்து நூற்று நாற்பத்தேழுக்கு வந்திருந்த எதிராளியை, தராசு பார்க்காத நூற்று ஐம்பத்துமூன்று ராத்தல் நாலாவது சுற்றில் தரையில் படுக்க வைத்தது. தராசைவிட்டு இறங்கிய பிறகு ஒருவனுடைய எடை என்னவென்று கேட்கிற விதி எதுவும் அந்த விளையாட்டில் இல்லை. விதி இல்லாத இடத்தில் செய்கிற காரியம் நேர்மையாகிவிடுமா என்று எத்திராஜ் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. தராசு ஒப்புக்கொண்டால் உலகம் ஒப்புக்கொள்ளும் என்பதை மட்டும் அவன் அன்று கற்றுக்கொண்டான், அதை மறக்கவும் இல்லை.

செய்தி அவன் குடியிருந்த ஐந்தாம் லைனுக்கு வந்து சேர்ந்தபோது, எடை எப்படி இறங்கிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆறையும் ஒருத்தியே சுமந்தது எப்படி என்பதுதான் குழாயடியில் வழக்காயிற்று. மூங்கில் தட்டி வீடுகள் நாற்பதும் ஒரே கூரையாக நீண்டு கிடக்கிற லைனில், ஒரு வீட்டு உப்பு தீர்ந்தால் அடுத்த வீட்டுச் சட்டி திறக்கும், ஒரு வீட்டுச் சாவுக்கு நாற்பது அடுப்பும் அணையும், அப்படியிருக்க லைன்காரன் ஒருவனுடைய ஆறு ராத்தலை அவன் பெண்டாட்டி தனியாகச் சுமப்பதா என்று அடுத்த வீட்டு சலேத்தம்மாள் கேட்டாள். அதன்பிறகு வீட்டுக்கு ஒரு ராத்தல் என்று முறை வைத்தார்கள். முறை வந்த ஆறு பேர் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, அல்லது சிலுவைபோட்டுக்கொண்டு, அவனோடு ரயிலேறினார்கள். எடை முடிந்ததும் பின்கதவுக்கு அப்பால் வரிசையாக நின்று ஆளுக்கொரு ராத்தலாக அவன் தோளில் வைத்துவிட்டுப் போனார்கள். எதிர்முகாம்காரர்கள் அதை ஆசீர்வாதம் என்று எண்ணி, தங்கள் சண்டைக்காரனுக்கும் ஊரிலிருந்து அத்தை மாமாக்களை அழைத்து வந்து தோளில் கை வைக்கச் சொன்னார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போட்டி இல்லாத மாதங்களிலும் ராத்தல்கள் லைனில் நடமாடின. ஆடிக்காற்றில் தள்ளாடுகிற கிழவர் ஒருவர் இரண்டு ராத்தல் வாங்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். நோஞ்சான் மாப்பிள்ளை ஒருவன் பெண் வீட்டார் பார்க்க வருகிற அன்று நாலு ராத்தல் இரவல் வாங்கினான், நாற்காலி கிறீச்சிட்டதே தவிர வேறெதுவும் நடக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாத கனத்தை வாங்கிக்கினு இன்னாடா பண்ணப் போற, பொண்ணு உன்னைத் தூக்கிப் பார்க்கவா போறா?" என்று சலேத்தம்மாள் கேட்டதற்கு லைனே சிரித்தது, பெண் வீட்டார் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள். இரவல் எடை கனத்தைத்தான் கூட்டும், சதையைக் கூட்டாது என்று எல்லோருக்கும் அன்றே தெரிந்திருந்தது.

இன்னொன்றும் தெரிந்திருந்தது. சலேத்தம்மாள் ஒரு ராத்தலை வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் மறந்துவிட்டாள். அந்த ஒரு மாதமும் எத்திராஜ் சாயபுவின் கடை ஈரலும் முட்டையுமாகத் தின்றும் நூற்று ஐம்பத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை. கொடுத்த ராத்தலின் இடம் அவன் உடம்பில் காலியாகவே கிடந்தது. வாங்கியவர் தம் கையால் திருப்பி வைத்தால்தான் நிறைந்தது. ஆகவே லைன்காரர்கள் இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தார்கள்: சுரங்கத்துக் கூண்டில் இறங்குகிறவன் இரவலோடு இறங்கக் கூடாது, நோயில் விழுந்தவர் படுக்கை முற்றுவதற்குள் இரவலைத் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது கட்டுப்பாட்டைச் சொன்னவள் பூங்காவனம். காற்றுக்கு அஞ்சி ராத்தல் வாங்கிய கிழவர் சாகக் கிடந்தபோது, எத்திராஜைக் கூட்டிக்கொண்டு போய் அவர் கையை அவன் தோளில் எடுத்து வைத்தவளும் அவளே.

ஐந்து ஆண்டுகளில் எத்திராஜ் பதினோரு போட்டிகளில் வென்றான். பன்னிரண்டாவதில் தெற்கத்தி வெல்டர்வெயிட் பட்டத்தைக் கொண்டுவந்தான். பித்தளைத் தகடு பதித்த அந்த இடைவாரைப் பூங்காவனம் அரிசிப் பானைக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். அந்த மார்கழியில்தான் அவள் இருமத் தொடங்கினாள்.

காசநோய் மருத்துவமனை ஊருக்கு எட்டு மைல் தள்ளி, தைல மரத் தோப்புக்கு நடுவே இருந்தது. அங்கே ஒவ்வொரு கட்டிலின் காலிலும் ஒரு கரும்பலகை தொங்கும். திங்கட்கிழமை காலையில் நர்ஸ் எல்லோரையும் தராசில் ஏற்றி, எடையைச் சாக்பீஸால் அதில் எழுதுவாள். எண் ஏறினால் நோய் இறங்குகிறது, எண் இறங்கினால் நோய் ஏறுகிறது என்பது அங்கே கணக்கு. தொண்ணூறு ராத்தலை எட்டிய பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பூங்காவனத்தின் பலகையில் முதல் திங்கட்கிழமை எண்பத்தொன்று என்றும், பிறகு எழுபத்தெட்டு என்றும், பிறகு எழுபத்துநான்கு என்றும் எழுதினார்கள். பக்கத்துக் கட்டில் பெண் அறுபத்தாறில் செத்துப்போனாள்; பலகையை ஈரத்துணியால் துடைத்து அடுத்தவளுக்கு மாட்டினார்கள்.

எத்திராஜ் படித்தவன் அல்லன். நுரையீரல் என்பது ஆட்டில் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், மனிதரில் அது என்ன செய்கிறது என்று தெரியாது. எடை ஒன்றுதான் அவன் கற்ற கல்வி. வாழ்வில் அவனைக் கீழே நிறுத்தியதும் மேலே ஏற்றியதும் ஒரு தராசு முள். அந்த முள்ளை ஏமாற்றி அவன் பட்டமே வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் கட்டிலில் அவள் அருகே உட்கார்ந்து, ஆறுதல் சொல்கிறவன்போல் அவள் தோள்களில் கை வைத்தான். மறுநாள் பலகை எழுபத்தாறு என்றது.

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். பால் வண்டிக்காரன் அந்த எண்ணை லைனுக்குக் கொண்டுவந்தான். குழாயடியில் வாயிலிருந்து வாய்க்குப் போய், அன்று சாயங்காலம் நாற்பது வீட்டிலும் அது விளங்கிற்று. அதற்குப் பிறகு திங்கட்கிழமை என்பது லைனில் பண்டிகை நாளாயிற்று. பால் வண்டியின் மணிக்காகப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். எழுபத்தெட்டு என்றால் அம்மனுக்குக் கற்பூரம், எண்பது என்றால் மாதா கெபியில் மெழுகுவத்தி, எண்பத்துமூன்று என்றதும் யாரோ கேசரி கிண்டினார்கள். அது யாருடைய எடை என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. முறைவைத்து அந்த ராத்தல்களைச் சுமந்து, அவற்றால் ஒரு பட்டம் ஊருக்கு வந்ததைப் பார்த்தவர்கள், இதுவும் பலிக்கும் என்று நம்ப விரும்பினார்கள். சலேத்தம்மாள் மட்டும் ஒருநாள் அவனை வாசலில் மறித்தாள்.

"தம்பி, நாலு ராத்தலை வாங்கிக்கினு அந்த நோஞ்சான் பையன் தடியாயிட்டானா?"

"அது வேற அக்கா."

"இன்னா வேற?"

அவன் சட்டை தோளிலிருந்து நழுவுவதை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

பட்டத்தைக் காக்கிற போட்டி ஒரு சனிக்கிழமை வந்தது. அதற்குள் அவன் பதினைந்து ராத்தலைக் கொடுத்திருந்தான். வியாழக்கிழமை சாயபு அவனைத் தராசுப் பலகையில் ஏற்றி, கல்லை எடுத்து எடுத்து வைத்து, நூற்று முப்பத்தெட்டு என்று கண்டு, தட்டை ஆட்டிவிட்டு மறுபடியும் நிறுத்தார். முள் மாறவில்லை.

"எதிராளி நூத்து நாப்பத்தேழு கீறான். கொல்லுவான் உன்னை. ஞாயித்துக்கெழமை குடுத்ததை வெள்ளிக்கெழமை வாங்கிக்கினு வா, சண்டை முடிஞ்சதும் திரும்பக் குடு. ஊர் பூரா அப்பிடித்தானே செய்யுது?"

"திங்கக்கெழமை எழுதுவாங்க பாய். சண்டையில நான் எழுந்துக்காம கெடந்துட்டா, ஞாயித்துக்கெழமை யாரு போயி குடுக்கறது?"

அந்த முறை ஆறு பேர் ரயிலேறவில்லை. சுமக்க எதுவும் இருக்கவில்லை. எத்திராஜ் ஐந்து சுற்றுகள் தாக்குப்பிடித்தான். அவன் குத்துகள் போய்ச் சேர்ந்தன, ஆனால் அவற்றின் பின்னால் எதுவும் இல்லை. எதிராளி முதலில் ஆச்சரியப்பட்டான், பிறகு கோபப்பட்டான், ஆறாவது சுற்றில் இரக்கப்பட்டு ஒரே குத்தில் முடித்துவைத்தான்.

மறுநாள் ஒரு கண் முழுதும் மூடி, உதட்டில் தையலோடு, அவன் தைல மரத் தோப்புக்கு நடந்து போனான். பூங்காவனம் அவனை நெடுநேரம் பார்த்தாள்.

"தோத்துட்டியா?"

"ஆமாம்."

"பட்டம்?"

"குடுத்துட்டேன். ஆணிதான் கீது."

அவள் சிரிக்கப் போய் இருமினாள். இருமல் அடங்கியதும் எலும்பும் நரம்புமான கையை அவன் தோளை நோக்கி நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"வாங்கிக்கோ மாமா. நீ ஏத்துற, தராசு ஏறுது. எனக்குள்ள எதுவும் நிக்கலை. படுத்தா உன் கனம் எம்மேல குந்திக்கினு கீற மாதிரி கீது. மூச்சு வாங்குது."

"பலகையில எண்பத்தேழு எழுதியிருக்குது பாரு."

"அது நீ."

"தொண்ணூறு ஆனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க பூங்கா. தராசு ஒத்துக்கிச்சுன்னா டாக்டர் ஒத்துக்குவாரு. அவரு ஒத்துக்கிட்டா உன் உடம்பும் ஒத்துக்கும்."

அவள் அவனுடைய மூடிய கண்ணைப் பார்த்தாள். முதல் திங்கட்கிழமை எண் ஏறியபோதே டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள். புருஷனுக்குக் கொடுக்க அவளிடம் மிச்சமிருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான் என்பதால் சொல்லவில்லை. அது அவள் செய்த பிழை. நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கடைசி நாலு ராத்தலையும் அவள் தோளில் வைத்தான். உண்மையில் அவள் அந்த வாரம் எழுபத்தொன்று இருந்தாள்.

திங்கட்கிழமை நர்ஸ் தொண்ணூறு என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். மருந்து கிடைப்பது அரிதாயிருந்த காலம். தேறியவளுக்கு எதற்கு என்று, அவளுக்குப் போட்டுவந்த ஊசியை அன்றே வாசலில் காத்திருந்த வேறொருத்திக்கு மாற்றினார்கள். பூங்காவனம் வந்த மாட்டு வண்டியை லைன்காரர்கள் பாதி வழியில் நிறுத்தி, மேளம் வைத்து அழைத்து வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியவளின் முகத்தைப் பார்த்ததும் மேளக்காரர் குச்சியைத் தாழ்த்திக்கொண்டார்.

முப்பத்தெட்டு நாள் இருந்தாள். கடைசி வாரம் லைன் முழுதும் எத்திராஜின் வாசலில் வந்து நின்றது. கட்டுப்பாடு தெரியாதா, படுக்கை முற்றுவதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டாமா, தோளைக் கொடுத்தால் போதுமே என்று பெரியவர்கள் சொன்னார்கள். சாயபு கடையை மூடிவிட்டு வந்து சொன்னார். சலேத்தம்மாள் அதட்டிச் சொன்னாள். அவன் சுவரில் முதுகையும் தோள்களையும் அழுந்தப் பதித்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்கிக்கிட்டா அவ போறான்னு அர்த்தம்," என்றான். "நான் வாங்கிக்க மாட்டேன்."

"அவ கேக்குறாடா."

"கேக்கட்டும்."

அவள் கேட்டாள். முதல் நாள் வாயால் கேட்டாள், அடுத்த நாள் கையை நீட்டிக் கேட்டாள், பிறகு கண்ணால் கேட்டாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தோள்களை எட்ட அவளுக்கு இன்னும் இரண்டு முழம் தேவைப்பட்டது. பகல் இரண்டு மணிச் சங்கு ஊதி, கூண்டிலிருந்து ஆட்கள் மேலே வந்துகொண்டிருந்தபோது, நீட்டிய கை பாயில் இறங்கிற்று.

பாடையில் கிடந்தவளைப் பார்த்தவர்கள், ஒரு ஆளே தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தார்கள். தூக்கிய நால்வரும் முதல் அடியிலேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி லைனுக்கு வந்த புதிதில் இரண்டு குடம் தண்ணீரோடு மேடேறி வந்தாளே, அந்தப் பெண்ணின் கனம் இருந்தது என்று திரும்பி வந்தபின் அவர்களில் ஒருவர் சொன்னார். எத்திராஜ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். ஆடிக்காற்று புழுதியை வாரிக்கொண்டு குறுக்கே அடித்தபோது, தெற்கத்திப் பட்டம் வாங்கிய அந்த மனிதனைச் சாயபு முழங்கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஐந்தாம் லைனில் யாரும் ராத்தல் கேட்கவில்லை; அவனும் கொடுக்கவில்லை; சாயபு பத்தொன்பது ராத்தல் இரும்புக் கற்களைத் தனியாக எடுத்துச் சாக்கில் கட்டிவைத்தார், அவற்றால் கறி நிறுக்கவில்லை. எத்திராஜ் தின்றதெல்லாம் தின்றும் நூற்று முப்பத்துநாலைவிட்டு அசையவில்லை. வெல்டர்வெயிட்டுக்குக் கீழே உள்ள லைட்வெயிட் பிரிவில், சின்ன ஊர்ச் சின்ன மேடைகளில், அவன் ஏழு ஆண்டுகள் குத்துச்சண்டை போட்டான். வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. எடை பார்க்கிற அன்று எல்லோரும் எச்சில் துப்பிக்கொண்டிருக்க, அவன் மட்டும் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு வந்து பலகையில் நிற்பான்.

கடைசிப் போட்டி சேலத்தில் ஒரு சர்க்கஸ் கொட்டகையில் நடந்தது. எடை எழுத உட்கார்ந்திருந்தவர் பழைய ஆள். பேரேட்டில் பேரைப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"எத்திராஜா? நீ வெல்டர்வெயிட் பட்டக்காரன் ஆச்சேப்பா. இன்னிக்கு நூத்து முப்பத்துநாலுதான் காட்டுது. மீதி என்ன ஆச்சு?"

"வீட்டுக்காரிகிட்ட கீதுங்க," என்றான் எத்திராஜ்.

எழுதுகிறவர் சிரித்தார். "நல்ல பொம்பளைப்பா. திருப்பித் தரமாட்டேங்குறாளா?"

எத்திராஜ் பலகையைவிட்டு இறங்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான்களை ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே மாட்டி முடித்தான்.

"அவ குடுத்தாங்க," என்றான். "நான்தான் வாங்கிக்கலை."